சின்ன ரிவால்வர், பெரிய தோட்டா: கைக்கு யார் கணக்குப் போட்டது?

இந்தக் குறிப்பு ரொம்ப நாளா பாதியில் கிடந்தது. எழுத ஆரம்பித்தபோது வெறும் ஒரு கணக்குதான் இருந்தது. முடிக்கும்போது அது ஒரு விமர்சனமாக மாறிவிட்டது. விமர்சனம் ஒரு துப்பாக்கி மேல் இல்லை, ஒரு யோசனை மேல். "சட்டைப் பையில் அடங்குற ரிவால்வர்ல, இருக்கிறதிலேயே பலமான தோட்டாவைப் போட்டுக்கோ" என்ற அந்த அமெரிக்க யோசனை மேல்.

துப்பாக்கி வைத்துக்கொள்வது சரியா தப்பா என்ற பெரிய விவாதத்துக்குள் நான் போகவில்லை. வைத்துக்கொள்வது என்று ஒருத்தர் முடிவு பண்ணிவிட்டார், சட்டமும் அனுமதிக்கிறது. அதற்குப் பிறகு வருகிற கேள்வி மட்டும்தான் இங்கே.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

டெக்ஸஸில் ஆன்சைட் வேலையில் இருந்த சமயம். என் காலேஜ் நண்பன் ஒருத்தன் அங்கேயே குடியுரிமை வாங்கிக்கொண்டு செட்டில் ஆனவன். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து, பெரிய பார்க்கிங் இடத்தைத் தனியாகக் கடந்து கார் எடுக்க வேண்டும். ஒருநாள் யாரோ கொஞ்ச தூரம் பின்னாடியே வந்திருக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் நண்பனுக்குத் தூக்கம் போய்விட்டது. "ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்துடலாம்னு இருக்கேன்டா" என்றான்.

எங்க ஆளுங்க எப்படி வாங்குவோம்? ஸ்பெக் ஷீட் பார்ப்போம். லேப்டாப் வாங்குகிற மாதிரியே ரெண்டு வரிசை போட்டான். எடை எது குறைவு? சக்தி எது அதிகம்? ரெண்டு வரிசையிலும் முதலில் வந்தது ஒரே சாமான்: 12 அவுன்ஸுக்கும் குறைவான எடையில், அதாவது ஏறக்குறைய 335 கிராமில், ஐந்து தோட்டா போடக்கூடிய .357 மேக்னம் ரிவால்வர். "பாரு, போன் ரெண்டு சேர்ந்த எடைகூட இல்ல, ஆனா மேக்னம்!" என்றான்.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கலாம் என்று ஒரு உள்ளரங்க ரேஞ்சுக்குப் போனோம். நான் அப்போது வேலை விசாவில் இருந்தவன். வேட்டை உரிமம் மாதிரி ஒரு சில விதிவிலக்கு இல்லாமல் அப்படிப்பட்டவர் அங்கே துப்பாக்கியைக் கையில் வாங்குவதே மத்திய சட்டப்படி குற்றம். அதனால் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் மட்டும்தான். சொல்லப்போனால் அதுவே நல்லதாப் போச்சு. சுடுகிறவர் இலக்கைப் பார்ப்பார். நான் சுடுகிறவரைப் பார்த்தேன்.

முதலில் நண்பன். முதல் குண்டு ஏழு கஜத்தில் இருந்த தாளில் நடுவுக்குப் பக்கத்தில். இரண்டாவது கீழே. மூன்றாவது இன்னும் கீழே, இடது பக்கம். நான்காவது தாளிலேயே இல்லை. ஐந்தாவதை அவன் சுடவில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நடுவிரல் கணுவைத் தேய்த்துக்கொண்டான். ட்ரிக்கரைச் சுற்றி இருக்கிற வளையம் ஒவ்வொரு தடவையும் அங்கேதான் வந்து இடிக்குது.

அப்புறம் அவன் மனைவி. ஒரே ஒரு தடவை சுட்டார். மெதுவாக வைத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து என்னிடம் சொன்னார்: "அண்ணா, குறி தப்பினா பரவால்ல. இதை நான் ரெண்டாவது தடவை சுடவே மாட்டேன். அதான் பிரச்சினை."

இந்த ஒரு வாக்கியத்துக்கு இருக்கிற எடை, நான் அதற்குப் பிறகு படித்த பல பக்கங்களுக்கு இல்லை.

மேக்னம் எங்கே பிறந்தது?

அந்தத் தோட்டா எந்தத் துப்பாக்கிக்காக உருவானது என்று தேடினால் முதல் ஆச்சரியம் அங்கேயே இருக்கிறது.

.357 மேக்னம் 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி வெளியிட்டது. அதற்கு முன்னாடியே எல்மர் கீத் மாதிரியான ஆட்கள், .38 ஸ்பெஷல் தோட்டாவில் வழக்கத்தைவிட அதிகமாக வெடிமருந்தை அடைத்து, பெரிய சட்டகம் கொண்ட ரிவால்வர்களில் சுட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரிய சட்டகத்துக்கு என் ஃப்ரேம் என்று பெயர். அது .44 தோட்டாவுக்காகச் செய்த உடம்பு. அந்தச் சோதனைகளின் நீட்சிதான் .357. டக்ளஸ் வெஸ்ஸனும் ஃபிலிப் ஷார்ப்பும் அதன் பின்னால் இருந்த முக்கியமான பெயர்கள்.

குண்டின் விட்டம் .38 ஸ்பெஷலுக்கும் மேக்னத்துக்கும் ஒன்றுதான். வித்தியாசம் பித்தளைக் கூட்டில். அதைச் சுமார் 3.4 மி.மீ. நீளமாக்கினார்கள். எதற்கு? பழைய .38 ரிவால்வரில் இது உள்ளே போய்விடக் கூடாது. அழுத்த வரம்பைப் பார்த்தால் காரணம் புரியும். இன்றைய அமெரிக்கத் தர அளவுப்படி .38 ஸ்பெஷலுக்குச் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. மேக்னத்துக்கு 35,000. இரண்டு மடங்கு. அதாவது அந்த 3.4 மி.மீ. ஒரு பாதுகாப்புப் பூட்டு. "சின்னதில் இதைப் போடாதே" என்று உலோகத்திலேயே எழுதின எச்சரிக்கை.

இதைவிட முக்கியம், கம்பெனி அன்றைக்குப் பெருமையாக அறிவித்த வேகம்: 158 கிரெயின் குண்டு, வினாடிக்கு 1,500 அடிக்கு மேல். (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம். 158 கிரெயின் என்றால் 10.2 கிராம்.) எந்தக் குழலில் அளந்தது? 8¾ அங்குலக் குழலில். அந்த ரிவால்வர் ஒரு கிலோவுக்கு மேல்.

நண்பன் கையில் இருந்தது 1⅞ அங்குலக் குழல், 335 கிராம். தோட்டாவின் பெயர் மட்டும் அதேதான்.

உடம்பு எப்படி இளைத்தது

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கேதான் ஒரு பழக்கம் உருவாகிறது.

1950-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்று ஒரு சின்ன ரிவால்வரை வெளியிட்டது. ஐந்து தோட்டா, ஜே ஃப்ரேம், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தோட்டா .38 ஸ்பெஷல். பையில் வைக்கிற துப்பாக்கிக்கு அளவான தோட்டா.

1955-இல் எல்லைக் காவல்படையைச் சேர்ந்த பில் ஜோர்டன் கேட்டுக்கொண்டதன் பேரில், நடுத்தர கே ஃப்ரேமில் மேக்னம் வந்தது. பிற்பாடு அதற்கு மாடல் 19 என்று பெயர். நாள் முழுக்க இடுப்பில் சுமக்கிறவருக்கு என் ஃப்ரேம் பாரம், அதனால் இது நியாயமான சமரசம். ஆனால் அந்தச் சமரசத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது: பயிற்சி பெரும்பாலும் .38-இல், மேக்னம் எப்போதாவது. 1970-களில் 125 கிரெயின் மாதிரி லேசான, வேகமான மேக்னம் தோட்டாக்களை நிறையச் சுட ஆரம்பித்தபோது, குழலின் பின்வாயில் விரிசல் வந்த சம்பவங்கள் தெரியவந்தன. அந்த இடத்தில் அடிப்பக்கம் இடம் போதாமல் கொஞ்சம் தட்டையாகச் செதுக்கியிருப்பார்கள், உலோகம் அங்கே மெல்லிசு. 1980-களின் தொடக்கத்தில் எல் ஃப்ரேம் என்று கொஞ்சம் பெரிய உடம்பைக் கொண்டுவந்தது இதற்கான பதில்.

கவனியுங்க: முதல் சுற்றில் இரும்பு புகார் செய்தது. புகார் கேட்டது. உடம்பைப் பெரிசாக்கினார்கள். பொறியியல் நியாயமாக வேலை செய்தது.

அப்புறம் உலோகவியல் முன்னேறியது. 1990-களில் ரூகரின் எஸ்.பி. 101, அதன்பின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஜே ஃப்ரேம் என்று ஐந்து தோட்டா உடம்புகளுக்குள் மேக்னம் நுழைந்தது. அவை எஃகு, எடை இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் அலுமினியத்தோடு கொஞ்சம் ஸ்காண்டியம் சேர்த்த கலவையில் சட்டகம், டைட்டானியத்தில் சிலிண்டர். எடை 335 கிராமுக்கு வந்தது. அழுத்தத்தைத் தாங்கியது.

இந்தச் சுற்றில் இரும்பு புகார் செய்யவில்லை. ஏன்னா இரும்பே இல்லை. புகார் செய்ய மிச்சம் இருந்தது கை மட்டும்தான். கையோட புகாரை யாரும் பதிவு பண்ணவில்லை.

கணக்கு

சரி, என் வேலைக்கு வருகிறேன். உதை எவ்வளவு என்பது பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல்தான். முன்னே போகிற குண்டின் உந்தம், அதோடு போகிற வாயுவின் உந்தம், இரண்டும் சேர்ந்து துப்பாக்கியின் பின்னோக்கிய உந்தத்துக்குச் சமம். அதைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால் பின்னால் வருகிற வேகம். அதிலிருந்து ஆற்றல்.

நான் எடுத்துக்கொண்டது: 125 கிரெயின் குண்டு, 8.1 கிராம். வெடிமருந்து 1.2 கிராம், வாயு வினாடிக்கு 1,200 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று அனுமானம். சிலிண்டரில் இருக்கிற தோட்டாக்களின் எடையைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் எல்லா எண்ணும் கொஞ்சம் குறையும், ஒப்பீடு பெரிசாக மாறாது.

முதலில், மேக்னம் பிறந்த வீடு. 1.2 கிலோ ரிவால்வர், நீளக் குழல், குண்டு வேகம் வினாடிக்கு 440 மீட்டர். மொத்த உந்தம் சுமார் 5. துப்பாக்கி பின்னால் வருவது வினாடிக்கு 4.2 மீட்டர். உதையின் ஆற்றல் சுமார் 10 ஜூல்.

அடுத்து 335 கிராம் குட்டி. குழல் குட்டையாக இருப்பதால் குண்டு வேகம் 370 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மொத்த உந்தமும் 4.4-க்கு இறங்குகிறது. ஆனால் வகுக்கிற எடை கால் பங்குக்கும் கொஞ்சம்தான் மேல். பின்னால் வருவது வினாடிக்கு 13 மீட்டர். ஆற்றல் சுமார் 29 ஜூல்.

29 ஜூல் என்றால் எவ்வளவு? மான் வேட்டைக்குப் போகிறவர்கள் தோளில் வைத்துச் சுடுகிற .30-06 ரைஃபிள், மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ளது, சுமார் 27 ஜூல் உதைக்கும். அதைத் தாங்கத் தோள் இருக்கு, ரப்பர் பட்டை இருக்கு, உடம்பு முழுக்கப் பின்னாடி இருக்கு. இங்கே தாங்குவது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு தோல் மடிப்பு. அதிலும் பிடி சின்னது என்பதால் சுண்டு விரலுக்கு இடமே கிடையாது.

மூன்றாவது கணக்குதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அதே 335 கிராம் குட்டியில் .38 ஸ்பெஷல் போட்டால்? 158 கிரெயின், வினாடிக்கு 215 மீட்டர். உதை சுமார் 10 ஜூல். கொஞ்சம் பலமான பிளஸ் பி வகை .38 போட்டாலும் அதே சுற்றுவட்டாரம்தான்.

அதாவது, சின்னத் துப்பாக்கியில் சாதாரண .38 கொடுக்கிற உதையும், பெரிய துப்பாக்கியில் முழு மேக்னம் கொடுக்கிற உதையும் ஒன்று. .38 போட்ட குட்டியே கைக்கு ஒரு முழு மேக்னம்தான். அதில் மேக்னம் போட்டால் அது மேக்னத்துக்கும் மூன்று மடங்கு.

நியாயமாகப் பார்த்தால்

ஒரு பக்கமாகப் பேசக் கூடாது. குட்டைக் குழலில் மேக்னம் சக்தியை எல்லாம் இழந்துவிடுகிறது, வெறும் சத்தமும் நெருப்பும்தான் மிச்சம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. என் கணக்கில் குட்டைக் குழலிலும் குண்டின் ஆற்றல் சுமார் 550 ஜூல் வருகிறது. அதே குழலில் பிளஸ் பி .38 ஏறக்குறைய 300 ஜூல். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இது சின்ன லாபம் இல்லை.

ஆனால் அந்த இரண்டு மடங்குக்குக் கொடுக்கிற விலை மூன்று மடங்கு உதை. முதல் குண்டுக்கு இந்த வியாபாரம் சரியாக இருக்கலாம். இரண்டாவது குண்டுக்குத் துப்பாக்கி எங்கே இருக்கும்? ஸ்பெக் ஷீட்டில் அந்த வரிசையே கிடையாது. எங்க வேலையில் இதைத் தினமும் பார்க்கிறோம். ஒரே ஒரு ரிக்வெஸ்ட்டை வைத்து வேகம் அளந்து பெருமைப்படுவோம். நிஜமான லோடு வரும்போது எல்லாம் படுத்துவிடும். எது அளக்க லேசோ அதை அளந்தோம், எது தேவையோ அதை விட்டோம்.

இந்த யோசனைக்கு ஆதரவாகத் திரும்பத் திரும்ப வருகிற வாதங்கள் மூன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"ஆபத்து நேரத்தில் உதை தெரியாது"

பாதி உண்மை. பயத்தில் வலி தெரியாமல் போகலாம். ஆனால் பிரச்சினை வலியில் இல்லை. துப்பாக்கி மேலே எகிறிவிட்டதா, பிடிக்குள்ளேயே திரும்பிவிட்டதா என்பதை அட்ரினலின் மாற்றாது. உந்தம் உணர்ச்சி பார்த்து வேலை செய்வதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், உதை கெடுப்பது அந்த நேரத்தை இல்லை, அதற்கு முன்னாடி வருகிற பழக்கத்தை. ரேஞ்சில் நான் பார்த்த ஒரு சோதனை இதற்கு நல்ல சாட்சி. அங்கே இருந்த பயிற்சியாளர் நண்பனுக்குத் தெரியாமல், சிலிண்டரில் ரெண்டு வெற்றுக் கூடுகளை நடுநடுவே போட்டுக் கொடுத்தார். சுடும்போது டிக் என்று வெறும் சத்தம் வந்த தடவையும் துப்பாக்கியின் முனை அரை அங்குலம் கீழே குத்தியது. உதையே இல்லை, ஆனால் கை முன்கூட்டியே உதைக்குத் தயாராகிவிட்டது. முதல் நான்கு மேக்னத்தில் கற்ற பாடம் அது. இந்த ரிவால்வர்களில் ட்ரிக்கரை இழுக்கவே ஐந்து கிலோ அளவுக்கு விசை வேண்டும், துப்பாக்கியின் எடையோ அதில் பதினைந்தில் ஒரு பங்கு. கொஞ்சம் பதறினாலும் முனை நகரும்.

".38-இல் பழகு, மேக்னத்தை எடுத்துப் போ"

கேட்க ரொம்பப் புத்திசாலித்தனமாக இருக்கும். .357 ரிவால்வரில் .38-ம் போகும். பயிற்சிக்கு மலிவும்கூட.

இந்த நடைமுறைக்கு வரலாற்றில் ஒரு கறுப்பு நாள் இருக்கிறது. 1970 ஏப்ரல், கலிபோர்னியாவில் நியூஹால் என்ற இடம். நெடுஞ்சாலைக் காவல்துறையின் நான்கு அதிகாரிகள் ஐந்தே நிமிஷத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்தது சின்ன ரிவால்வர்கள் இல்லை. அங்கே நடந்த தவறுகளும் ஒன்றிரண்டு இல்லை, தோட்டாதான் காரணம் என்று சொன்னால் அது அந்த நால்வருக்கும் செய்கிற அநியாயம். ஆனால் பின்னால் நடந்த பரிசீலனையில் வெளிவந்த விஷயங்களில் ஒன்று இது: பயிற்சி .38-இல், பணியில் மேக்னம். அதற்குப் பிறகு அமெரிக்கக் காவல் பயிற்சியில் எதைச் சுமக்கிறாயோ அதிலேயே பழகு என்பது ஒரு அடிப்படை விதியாகப் பேசப்பட்டது.

பெரிய துப்பாக்கியிலேயே இந்த இடைவெளி ஒரு கேள்வியாக எழுந்தது என்றால், 335 கிராமில் அது எவ்வளவு பெரிசு? 10 ஜூலில் பழகி, 29 ஜூலில் உயிரைப் பணயம் வைப்பது. டெஸ்ட் சர்வரில் ஒன்று, புரொடக்ஷனில் வேறொன்று. இதை ஒரு ஜூனியர் செய்தால் நாம் கண்டிப்போம்.

"சக்தி கூட இருந்தா என்ன நஷ்டம்?"

நஷ்டம் இருக்கிறது, அது எந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. லேசான ரிவால்வர் வேகமாகப் பின்னால் பாயும்போது, சிலிண்டரில் இன்னும் சுடாமல் இருக்கிற தோட்டாக்களின் பித்தளைக் கூடும் கூடவே பின்னால் இழுபடும். கூட்டின் வாயில் இறுக்கி வைத்திருக்கிற குண்டு, பஸ் சட்டென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்கிற மாதிரி, இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். விளைவு, குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவும். சிலிண்டர் முகப்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுற்றாது. ரிவால்வர் நின்றுபோகும். ஆட்டோமேட்டிக் பிஸ்டல் சிக்கினால் ஸ்லைடை இழுத்துச் சரி செய்யலாம். இதற்கு அந்த வசதிகூட இல்லை. நம்பகமானது என்பதற்காகத்தானே ரிவால்வரையே தேர்ந்தெடுத்தோம்?

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: ஐந்து போட்டு நான்கைச் சுட்டுவிட்டு, சுடாத ஐந்தாவதை வெளியே எடுத்து, புதுத் தோட்டாவோடு நீளத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது. நீண்டிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. இதைச் செய்யணும்னா முதலில் நான்கு தடவை சுடணும். அந்த நான்கைத் தாங்கக்கூடியவர்கள்தான் குறைவு.

அந்தக் குட்டி மாடலின் குழலிலேயே இன்னொரு எச்சரிக்கையும் பொறித்திருக்கிறார்கள்: 120 கிரெயினுக்குக் குறைந்த குண்டு போடாதே. லேசான குண்டுகளோடு வருகிற வெடிமருந்துச் சூடு டைட்டானியம் சிலிண்டரின் முகப்பை அரித்துவிடும். உலோகத்துக்கு ஒரு வரம்பு கண்டுபிடித்து, அதை உலோகத்திலேயே எழுதியும் வைத்தார்கள். கைக்கும் ஒரு வரம்பு உண்டு, அது எங்கேயும் எழுதப்படவில்லை. என் விமர்சனம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேக்னத்தின் உச்ச ஒலி 160 டெசிபெல்லைத் தாண்டும். திடீர் ஒலிக்கு 140-ஐப் பாதுகாப்பு எல்லையாக வைக்கிறார்கள். .38-ம் அந்த எல்லையைத் தாண்டுவதுதான். ஆனால் டெசிபெல் மடக்கை அளவு, மேலே ஒவ்வொரு படியும் பெரிய படி. காருக்குள்ளேயோ நாலு சுவருக்குள்ளேயோ காது மறைப்பு இல்லாமல் ஒரு மேக்னம் போதும், மிச்ச வாழ்க்கைக்கும் காதில் ரீங்காரம்.

பெரிய நிறுவனமும் இதே பாதையில்

தனி ஆள்தான் இப்படி ஏமாறுகிறார் என்று இல்லை. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்.பி.ஐ. நடத்திய துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அதை முடித்து வைத்தவர் எட்மண்டோ மிரெலெஸ். ஒரு கை சிதைந்த நிலையில், மற்ற கையால் தன் ரிவால்வரின் ஆறு தோட்டாவையும் சுட்டார். ரிவால்வர் .357 மேக்னம். உள்ளே இருந்தது .38 பிளஸ் பி. ஒற்றைக் கையில், ரத்தம் போகிற நிலையில், ஆறு தடவை. உதை மூன்று மடங்காக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. நடந்தது இது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எஃப்.பி.ஐ. எடுத்த முடிவு, இன்னும் பலமான தோட்டா வேண்டும் என்பது. 10 மி.மீ. தோட்டாவுக்குப் போனார்கள். உதை அதிகம் என்று அதன் மருந்தைக் குறைத்தார்கள். குறைத்த அந்த அளவை வைத்தே 1990-இல் .40 தோட்டா பிறந்தது, அதற்கும் மாறினார்கள். கடைசியில் 2010-களின் நடுவில் 9 மி.மீ.க்கே திரும்பினார்கள். நல்ல குண்டு வடிவமைப்பு வந்துவிட்டதும் ஒரு காரணம். இன்னொரு காரணம், உதை குறைந்தால் அதிகாரிகள் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்பது. ஏறக்குறைய முப்பது வருஷம், மூன்று தோட்டா, ஒரு சுற்று. நண்பனின் மனைவி அதை ஒரே குண்டில் கண்டுபிடித்தார்.

பிறகு என்ன ஆச்சு

சின்ன உடம்பில் மேக்னம் யாருக்குமே உதவாது என்று நான் சொல்லவில்லை. எடையுள்ள எஃகு உடம்பு, எஸ்.பி. 101 மாதிரி 700 கிராம் சுமார், அதில் அதே கணக்கு 14 ஜூல் பக்கம்தான் வருகிறது. கஷ்டம்தான், ஆனால் பழகினால் முடியும். கரடி நடமாடுகிற காட்டில் நடக்கிறவர், மாதா மாதம் அதே தோட்டாவில் பயிற்சி எடுக்கிறவர், அவர்களுக்கு அது நியாயமான தேர்வு. என் சண்டை 335 கிராமோடும், அதைப் பழக்கமே இல்லாதவர் கையில் 'ரெண்டு வரிசையிலும் முதல்' என்று சொல்லிக் கொடுக்கிற அந்த வாங்கும் முறையோடும்தான்.

நண்பன் அந்தக் குட்டியை வாங்கவில்லை. கொஞ்சம் சங்கடத்தோடுதான் விட்டான், "நீ கணக்குப் போட்டே கெடுத்துட்டடா" என்று. முடிவெடுத்தது என் கணக்கு இல்லை, அவன் மனைவி. ஆஸ்பத்திரியில் பேசி, ராத்திரி ஷிப்ட் முடிகிறவர்களோடு காவலாளி ஒருத்தர் கார் வரைக்கும் வரும்படி முதலில் ஏற்பாடு பண்ணினார். அதற்கப்புறம் உரிமம், பயிற்சி வகுப்பு எல்லாம் முடித்துவிட்டு, எஃகில் செய்த ஒரு ஐந்து தோட்டா ரிவால்வர் வாங்கினார். போடுவது .38 மட்டும்.

போன முறை பேசும்போது கேட்டேன், இன்னும் ரேஞ்சுக்குப் போறீங்களா என்று. "மாசம் ஒரு தடவை, ஒரு டப்பா அண்ணா. ஐம்பது குண்டு" என்றார். நண்பனைப் பற்றிக் கேட்டேன். "அவரா? கூட வருவாரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு இருப்பாரு."